சாகிர் தடத்து வெளக்கமாறு

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் பதினாறு வருஷம் நான் பல் விளக்கியதில்லை. கேம்ப் வாசலில் பிரஷ்ஷும் வாயுமாக நிற்பேன். எதிரே வேலிக் கம்பியில் சிக்கிக் கிழிந்த ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அது சும்மா தொங்கினால் நிம்மதி. தென்கிழக்கே விறைத்து நின்றால் ஷமால் கிளம்பிவிட்டது. ஷமால் என்றால் அரபியில் வடக்கு. அங்கே வடமேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கும் அதுதான் பெயர். அன்றைக்கு மதியச் சோறு வண்டிக்குள்ளேதான்.

என் தொழில் கூட்டிப் பெருக்குவது. பஹ்ரைனில், சாகிர் பாலைவனத்தில், ஃபார்முலா ஒன் கார்கள் ஓடுகிற தடத்தில். ஊரில் இதை இப்படிச் சொன்னதில்லை. "டிரைவர் வேலை" என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. ஸ்வீப்பர் லாரிக்கும் ஸ்டியரிங் உண்டு, கியர் உண்டு, லைசென்ஸ் கேட்பார்கள். ஆனாலும் லப்பைக்குடிக்காட்டில் வெளிநாடு போனவன் ஊருக்கு வந்தால் பள்ளிவாசல் திண்ணையில் முதல் கேள்வி, "என்ன வேலைப்பா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு "கூட்டுற வேலை" என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் வெள்ளாற்றின் தென்கரை. அக்கரையில் திட்டக்குடி. ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களை விட மணல் கிடந்த நாட்களே என் நினைவில் அதிகம். அத்தா மாட்டுவண்டியில் ஆற்றுமணல் அடித்தவர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் நெருடிக் காதருகே வைத்துக் கேட்பார். கொரகொரவென்று சத்தம் வந்தால் கட்டுவேலைக்கு ஆகும். கையை உதறிய பிறகு ரேகையில் செம்மண் ஒட்டியிருந்தால் அந்தக் குழி வேண்டாம், அடுத்த குழிக்குப் போ என்பார். மணல் என்றால் எங்களுக்குச் சோறு. ஒரு வண்டி மணலுக்காக விடியற்காலை மூன்று மணிக்கு மாடு பூட்டுகிற வீட்டிலிருந்து போனவன், மணலை அப்புறப்படுத்துவதற்குச் சம்பளம் வாங்கினேன்.

போனது 2004 டிசம்பர். சாகிர் தடம் அப்போது புதுசு. அதே வருஷம் ஏப்ரல் 4ஆம் தேதி முதல் பந்தயம் நடந்து, மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்திருந்தார். மத்தியக் கிழக்கில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அதுதான். நான் சேர்ந்தது ஒரு ஒப்பந்தக் கம்பெனியில், தண்ணீர் லாரி ஓட்ட. மாதம் 90 தினார், ஓவர்டைம் தனி. மூன்றாம் வாரம் மலையாளி ஃபோர்மேன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "நேர்கோட்டில் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவன் யார்?" என்றார். கை தூக்கினேன். மாட்டுவண்டியைப் பின்னால் தள்ளிக் குழிக்குள் இறக்கியவனுக்கு லாரி ஒரு பெரிய விஷயமா? அன்றைக்கே ஸ்வீப்பரில் ஏற்றிவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் இடமும் வலமும் இரண்டு வட்டப் பிரஷ்கள் சுழன்று குப்பையை நடுவுக்குத் தள்ளும். அடிவயிற்றில் உறிஞ்சும் வாய். பின்னால் தொட்டி. ஓட்டுவது பெரிதில்லை, பிரஷ் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, பிரஷ்ஷை அதே இடத்தில் நாலு விநாடி சுழலவிட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். தரையில் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்திருந்தால் சரி. முழு வட்டம் விழுந்திருந்தால் பிரஷ் மட்டமாக உட்கார்ந்திருக்கிறது. புழுதியை உள்ளே தள்ளாது, சுற்றிச் சுற்றி இறைக்கும். எங்கள் கூட்டத்தில் இதற்கு "பிறை பார்க்கிறது" என்றே பெயர். நோன்பு மாசம் இல்லாத நாளிலும் தினம் சாயங்காலம் பிறை பார்த்தவர்கள் நாங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். தடத்தின் நீளம் 5.412 கிலோமீட்டர். அகலம் 14 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், வண்டி ஒரு நடைக்கு இரண்டு மீட்டர்தான் எடுக்கும். ஏழு நடை போனால்தான் ஒரு முறை பெருக்கியதாக ஆகும். கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர், மாட்டுவண்டியை விடக் கொஞ்சம்தான் கூடுதலான வேகத்தில். ஃபார்முலா ஒன் கார் ஒன்றரை நிமிஷத்துக்குள் சுற்றிவிடுகிற இடத்தை ஒரு வண்டி தனியாகப் பெருக்கி முடிக்க அஞ்சு மணி நேரம் ஆகும். அதற்குள் முதலில் பெருக்கிய இடத்தில் மறுபடி புழுதி வந்து உட்கார்ந்திருக்கும்.

அது மணலே இல்லை என்பதுதான் நான் முதல் வாரத்தில் கண்டது. பாலைவனம் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி பொன்னிற மேடுகள் என்று நினைத்துப் போனேன். சாகிர் சப்பட்டையான, வெளுத்த, கல்லும் தூசியுமான தரை. குனிந்து ஒரு பிடி அள்ளி, அத்தா செய்கிறபடி காதருகே நெருடினேன். சத்தமே இல்லை. மாவு. பஹ்ரைன் தீவு சுண்ணாம்புப் பாறை. அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையோரத்தில் வேப்பிலை மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதேதான். ஆற்றுமணல் என்றால் பிரஷ்ஷுக்கு அடங்கும், உருண்டு ஓடும். இந்தத் தூசி அடங்காது. தார்க்கல்லின் கண்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தார்க்கல் பற்றி ஒரு வேடிக்கை. இந்தத் தடத்தின் மேற்பரப்புக்கான கல் இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் பக்கத்துக் குவாரி ஒன்றிலிருந்து கப்பலில் வந்தது. வழுக்காத கல், எளிதில் தேயாத கல் என்பதால் அவ்வளவு தூரம் போய் வாங்கியிருக்கிறார்கள். இதை ஒரு ஆஸ்திரேலிய இன்ஜினியர் எனக்குச் சொன்னபோது சிரித்துவிட்டேன். பெரம்பலூரில் திரும்பின பக்கமெல்லாம் கிரஷர். எங்கள் ஜல்லியைக் கேட்டிருந்தால் பாதி விலைக்கு முடித்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு வருஷக்கணக்கில் அந்தத் தரையின் மேல் ஊர்ந்தபோது எதற்காக வாங்கினார்கள் என்று புரிந்தது. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, வருஷங்கள் ஆனாலும் மழுங்கவில்லை. டயரைத் தின்கிற தரை என்று பந்தயக்காரர்கள் குறை சொல்வார்கள். எனக்கு வேறு குறை. சொரசொரப்பில் தூசி ஒளிகிறது.

தடத்தைக் கட்டியபோதே மணல் பயம் இருந்ததாம். முதல் பந்தயத்துக்கு முன்னால் சுற்றிலும் உள்ள மண்ணின் மேல் பசை மாதிரி ஒன்றைத் தெளித்து இறுக வைத்தார்கள். அப்படி இறுகிய மேல்தோலை நானும் பார்த்திருக்கிறேன். மேலே நடந்தால் அப்பளம் நொறுங்குவது போல் காலடியில் சத்தம் கேட்கும். நொறுங்கிய இடத்திலிருந்து காற்று அள்ளத் தொடங்கும். குளிர்காலத்தில் பஹ்ரைன் குடும்பங்கள் சாகிர் வெளியில் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். பிள்ளைகள் நாலு சக்கர பைக்கில் பாலைவனத்தை உழுதுவிடும். அவர்களுக்கு அது விடுமுறை. காற்றுத் திசையில் அவர்கள் எங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தே நான் அடுத்த நாள் வேலையைக் கணிப்பேன்.

கார்கள் ஒரே பாதையில்தான் போகும். வரப்பு மேல் விழுகிற ஒற்றையடிப் பாதை போல, டயர் ரப்பர் ஒட்டி ஒட்டித் தடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டில் பிடிப்பு உண்டு. வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் கோடு இருக்காது, கார்கள் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோடு முற்றிவிடும். கோட்டை விட்டு வெளியே இரண்டு அடி போனால் புழுதி; அதோடு டயரிலிருந்து பிய்ந்த ரப்பர் உருண்டைகள். பந்தயக்காரர்கள் அதற்குக் கோலிக்குண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஆட்டுப்புழுக்கை என்போம். அருகில் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் பெயர்தான் பொருத்தம் என்பார்கள். முந்த நினைக்கிறவன் கோட்டை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். வெளியே நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அவன் பிரேக் பிடிப்பது அமையும்.

பத்தாவது வளைவு என்னைப் பாடாய்ப் படுத்திய இடம். இறக்கத்தில் இடதுபக்கம் வளைந்துகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். உள்பக்கத்து முன் சக்கரத்தில் பாரம் இல்லாமல் அது பூட்டிக்கொண்டு புகைவிடும். ஒரு கைப்பிடி தூசி கிடந்தாலும் கார் நேரே போய்விடும். அங்கே மட்டும் மூன்று முறை போவேன். வளைவோரத்துச் சிவப்பு வெள்ளைக் கட்டைகளின் பள்ளத்தில் வண்டிப் பிரஷ் நுழையாது. அதற்குக் கையால்தான். மனாமா மார்க்கெட்டில் வாங்கிய தென்னந்துடைப்பம். கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய தடத்துக்குக் கடைசிக் கை வைத்தது ஈர்க்குக் குச்சி என்றால் டிவி பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

என் முதல் பந்தயம் 2005 ஏப்ரல் 3. வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாள். அந்த வருஷம்தான் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் வந்தார். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்கு வந்த முதல் ஆள். கேம்ப்பில் தமிழ் ஆட்கள் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மச்சான், நம்ம ஊர் ஆளு போற பாதைய நல்லாக் கூட்டுப்பா." பாதை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொன்னால் கேட்கவில்லை. பந்தயம் தொடங்கியதும் எங்கள் வண்டிகளைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து எதுவும் தெரியாது, சத்தம்தான். நாராயண் இரண்டு சுற்று முடித்ததும் மின்கோளாறில் கார் நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு சத்தத்துக்கும் "இது அவர், இது அவர்" என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

2010இல் சென்னைக்காரர் கருண் சந்தோக் வந்தார், ஹெச்ஆர்டி அணிக்கு. அவருக்கு அது முதல் பந்தயம். கார் நேரத்துக்குத் தயாராகாமல், தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரிலேயே முதல்முறை உட்கார்ந்தார். அந்த ஒரு வருஷம் மட்டும் தடத்தை நீட்டி, உட்பக்கத்தில் கூடுதலாக ஒரு பகுதியைச் சேர்த்து 6.299 கிலோமீட்டராக ஓட்டினார்கள். அந்தப் புதுப்பகுதி எனக்குப் பிடிக்கவே இல்லை. பிரஷ் மேலும் கீழும் குதிக்கும்; பிறை சரியாக விழாது. தரை அலை அலையாக இருக்கிறது என்பதைத் தொட்டிக்குள் குப்பை குலுங்குகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். சந்தோக் ஒரு சுற்று முடித்தார். இரண்டாவது சுற்றில் மேட்டில் தட்டி நிலைதவறி மோதிவிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போட்ட மேடு இல்லைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் என் முதுகெலும்பில் ஏறி இறங்கிய மேடு.

2005இல் இரண்டு, 2010இல் ஒன்று. நம்மாட்கள் சாகிரில் அதுவரை முடித்த சுற்று மொத்தம் மூன்று என்று கேம்ப்பில் கேலி பேசுவார்கள். 2012இல் நாராயண் மறுபடி வந்து கடைசி வரை ஓட்டி 21ஆவதாக முடித்தபோது, ஏதோ அவர்தான் ஜெயித்தார் என்கிற மாதிரி மெஸ்ஸில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

காற்றோடு நேருக்கு நேர் தோற்ற கதையும் உண்டு. 2009 பிப்ரவரியில் ஃபெராரி, பிஎம்டபிள்யூ, டொயோட்டா அணிகள் சோதனை ஓட்டத்துக்கு வந்திருந்தன. ஐரோப்பாவில் குளிர், மழை, அதனால் வெயிலைத் தேடி வந்தவர்கள். வந்த இடத்தில் ஷமால். வானம் மஞ்சளாகி, எதிரே இருக்கிற கிராண்ட்ஸ்டாண்டே மறைந்துபோனது. கார்களை உள்ளே தள்ளி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். எங்களை மட்டும் வெளியே அனுப்பினார்கள். புயல் அடிக்கும்போது பெருக்கி என்ன பயன் என்று ஃபோர்மேனிடம் கேட்டேன். "நின்றதும் உடனே ஓட்டணும்னு சொல்றாங்க, தமிழா. நீ போய்க்கொண்டே இரு." போனேன். முன்னால் பெருக்குகிறேன், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பூசிக்கொண்டு வருகிறது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வண்டியின் காற்று வடிகட்டி அடைத்து எஞ்சின் நின்றது. இறங்கிப் பார்க்கிறேன், வடிகட்டி புட்டுக்குழல் மாதிரி இருக்கிறது, உள்ளே கெட்டியாக மாவு. அந்த வாரம் அணிகள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தன.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வருஷம் வேண்டாம். தடத்துக்கு நைலான் பிரஷ்தான் போட வேண்டும். சாலைக்குப் போடுகிற பிரஷ்ஷில் நைலானோடு எஃகுக் கம்பியும் கலந்திருக்கும். கம்பி உடைந்து தரையில் விழுந்தால் டயரைக் குத்தும். ஒருநாள் ராத்திரி ஸ்டோரிலிருந்து மாற்றுப் பிரஷ் வந்தது. தூக்கக் கலக்கத்தில் பார்க்காமல் மாட்டிவிட்டேன். விடியற்காலை, ஒன்பதாம் வளைவுக்கும் பத்தாம் வளைவுக்கும் நடுவில் கையால் கட்டையோரம் கூட்டும்போது, விரல் நீளத்துக்கு ஒரு கம்பி மின்னியது. வண்டிக்கு ஓடிப்போய்ப் பிரஷ்ஷைத் தடவினேன். கம்பி. மூன்று நடை போயிருக்கிறேன்.

அன்றைக்கு உள்ளூர் ஆட்களின் பைக் பந்தயம். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது உண்மை. பைக்கில் வருகிறவனுக்கு டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. போய்ச் சொன்னேன். ஃபோர்மேன் மலையாளத்தில் திட்டிய வார்த்தைகள் எனக்கு அதுவரை தெரியாதவை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் காந்தப் பட்டையைக் கட்டி இழுத்தோம். அதற்கும் பின்னால் இருபது பேர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக, நாற்று நடுகிற பெண்களைப் போலக் குனிந்து நடந்தோம். 41 கம்பி கிடைத்தது. பந்தயம் இரண்டு மணி நேரம் தாமதம். கம்பெனி எனக்கு மூன்று நாள் சம்பளம் வெட்டியது. பிரஷ்ஷை எடுத்துக்கொடுத்த ஸ்டோர் ஆளுக்கு ஒன்றும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இன்றைக்கும்.

2011இல் நாட்டில் கலவரம், பந்தயம் ரத்து. மார்ச்சில் வர வேண்டிய ஓவர்டைம் பணத்தை நம்பித் தங்கச்சி கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு மேல் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேம்ப்பை விட்டு அதிகம் வெளியே போகவில்லை.

2014இல் விளக்குப் போட்டார்கள். சுற்றிலும் ஏறத்தாழ 500 கம்பங்கள். பந்தயம் சாயங்காலத்துக்கு மாறியது. ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் கடைசி வரை முட்டி மோதிய பந்தயம் அது, உலகமே பேசியது. எனக்கு அந்த விளக்கு வேறு தொல்லை கொடுத்தது. நாலு பக்கமும் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழலே இல்லை. நிழல் இல்லாவிட்டால் தூசி தெரியாது. பகலில், சாய்ந்த வெயிலில், பொடிப் பொடியாக நிழல் விழுந்து எங்கே படிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு வந்த பிறகு நான் கண்டுபிடித்த வழி, டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்துப் பார்ப்பது. தலையைத் தரையில் வைத்துக் கண்ணைச் சுருக்கினால் ஒவ்வொரு பொடியும் மலை மாதிரி நிழல் விடும். தூரத்திலிருந்து பார்த்த பாகிஸ்தானி செக்யூரிட்டி, நான் தொழுகையில், சஜ்தாவில் இருப்பதாக நினைத்து மரியாதையாகக் காத்திருந்து, பிறகுதான் ஐடி கார்டு கேட்டார்.

சாயங்காலப் பந்தயத்தில் இன்னொரு கஷ்டம். மதியம் பயிற்சி நடக்கிறபோது தரை கொதிக்கும், இருட்டியதும் மளமளவென்று ஆறும். பின்னிரவில் கடல் ஈரம் ஏறும். ஈரம் ஏறிய தூசி ஒட்டிக்கொள்ளும். அதனால் பந்தய வாரத்தில் பின்னிரவு வேலையை முன்னிரவுக்கே இழுத்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு உண்மை தெரிந்தது ஒரு பந்தய ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி மகனுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். டிவியில் தடத்தைக் காட்டும்போது ஸ்வீப்பர் ஒன்று போயிருக்கிறது. "நன்னிமா, மாமா பந்தயத்துல கூட்டுற வண்டி ஓட்டுறாங்க" என்று கத்தியிருக்கிறான்; அவனிடம் மட்டும் எப்போதோ படம் அனுப்பியிருந்தேன். அன்றைக்கு ராத்திரி போனில் அம்மா குரல் அமைதியாக இருந்தது. நான் மென்று முழுங்கினேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ கூட்டுவ?"

"பந்தயம் சமயத்துல ஆறு, ஏழு தடவ ஆகும்மா."

"அப்ப மொத தடவ ஒழுங்காக் கூட்டலன்னு அர்த்தம். தண்ணி தெளிச்சியா?"

தண்ணீர் தெளித்தால் அந்தச் சுண்ணாம்புத் தூசி குழம்பாகி, காய்ந்ததும் வெள்ளையடித்த மாதிரி படிந்துவிடும், அதனால் தெளிப்பதில்லை என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை. வாசல் கூட்டத் தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டோம் என்ற வருத்தம் கடைசி வரை அவருக்கு இருந்தது. திண்ணைக் கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் அதற்குப் பிறகு எனக்கு எளிதாகிவிட்டது.

2020 நவம்பர் 29. கொரோனா வருஷம், கிராண்ட்ஸ்டாண்ட் கிட்டத்தட்ட காலி. அதனால்தானோ என்னவோ சத்தம் துல்லியமாகக் கேட்டது. பந்தயம் தொடங்கி அரை நிமிஷம் ஆகியிருக்காது, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே வேறு ஒரு சத்தம், கனமான இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல. சுவருக்கு மேலே வெளிச்சம் ஆரஞ்சாக எழுந்தது. ரோமன் குரோஷான் கார் மூன்றாம் வளைவு தாண்டி இரும்புத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு நுழைந்து, இரண்டாக முறிந்து, தீப்பிடித்திருந்தது. 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டுத் தானே ஏறி வெளியே வந்தார். தலைக்கு மேல் வளையம் மாதிரி இருக்கிற ஹாலோ இல்லையென்றால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. சுவருக்குப் பின்னால் நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வண்டியில் இருந்த வங்காளதேசப் பையன் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டான். நானும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். நான் பெருக்கியவற்றில் அது மாதிரி ஒன்று அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. தீயணைப்பான் பொடி வெள்ளை வெளேரென்று படர்ந்திருந்தது. அதன் மேல் எண்ணெய். நடுவில் கார்பன் சில்லுகள்; கண்ணாடி மாதிரி கறுப்பாகக் கையுறையைக் கிழிக்கும். உறிஞ்சும் வாய்க்குள் சில்லு போகும்போதெல்லாம் கணீர் கணீர் என்று சத்தம். பொடியில் ஈரம் பட்டால் களி ஆகிவிடும் என்பதால் முதலில் காய்ந்த பக்கத்தை எடுத்தேன். ஒரு பக்கம் உடைந்த தடுப்பை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தயம் மறுபடி தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மறுபடி கார்கள் வரும்போது முதல் கார் அந்த இடத்தில் வழுக்குகிறதா என்றுதான் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் அறுபடாமல் போனது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறே இன்னொரு பந்தயம், அதே சாகிரில். ஆனால் வெளிவட்டப் பாதையில். நாலாம் வளைவிலிருந்து உட்பக்கம் போகாமல் குறுக்கே இணைப்புப் பாதையில் போய்ச் சேருகிற 3.543 கிலோமீட்டர். ஃபார்முலா ஒன் கார் அதுவரை ஓடாத பாதை. அந்த இணைப்பில் ரப்பர் கோடு கிடையாது, வருஷக்கணக்கான தூசிதான் குடியிருந்தது. அந்த ஒரு வாரத்தில் நான் தூங்கிய மணி நேரத்தை விரல் விட்டு எண்ணலாம். நாங்கள் பெருக்கிய பாதையில் பொட்டாஸ் 53.377 விநாடியில் ஒரு சுற்று முடித்தார். 87 சுற்றுப் பந்தயத்தில், முதல் சுற்றில் இடிபட்டுக் கடைசிக்குப் போன பெரெஸ் ஜெயித்தார். கடைசியிலிருந்து ஒவ்வொருவராக முந்தியிருக்கிறார். முந்துவதென்றால் கோட்டுக்கு வெளியே வர வேண்டும். அதை நினைத்து நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

2021 மார்ச் பந்தயத்தோடு முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். இப்போது ஒரு குட்டியானை வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம் என்று கிடைக்கிற லோடு அடிக்கிறேன். ஊர் வந்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. பதினாறு வருஷத்தில் நான் ஒரு பந்தயத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. நடக்கும்போது சுவருக்குப் பின்னால், முடிந்ததும் வேலை, அதன் பிறகு தூக்கம். "யாரு மாமா ஜெயிச்சா?" என்று தங்கச்சி மகன் போனில் கேட்கும்போதெல்லாம் "இரு, கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

2022 மார்ச் 20 அவன் என்னைப் பிடித்து உட்காரவைத்தான். நம் நேரத்துக்கு ராத்திரி எட்டரை மணி. லெக்லேரும் வெர்ஸ்டாப்பனும் மாறி மாறி முந்துகிறார்கள், அவன் சோபாவில் குதிக்கிறான். நான் பார்த்துக்கொண்டிருந்தது காரின் பின்னால் எழுகிற தூசியை. வெள்ளையாக எழுந்து உடனே அடங்கினால் மேல்தூசி, பரவாயில்லை. மெல்ல எழுந்து தொங்கினால் அங்கே சரியாகப் பெருக்கவில்லை.

"மாமா, யாரு முன்னாடி போறான்னு பாருங்க."

"பத்தாவது வளைவுல வெளிப்பக்கம் ஒழுங்காக் கூட்டலடா."

46ஆவது சுற்றில் காஸ்லி கார் ஓரமாக நின்று தீப்பிடித்தது. ஆள் இறங்கிவிட்டார். மார்ஷல்கள் ஓடிவந்து பொடியை அடித்தார்கள். சேஃப்டி கார் வந்ததும், இனிமேல்தான் பந்தயம் சூடு பிடிக்கும் என்று அவன் கத்தினான். நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் அந்தப் பொடி எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று பார்த்தேன். வெர்ஸ்டாப்பன் கார் கடைசியில் படுத்துக்கொண்டது, ஃபெராரி இரண்டும் முதல் இரண்டு இடம். அவன் ரிமோட்டை எடுத்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் வையேன்டா" என்றேன்.

"முடிஞ்சுபோச்சே மாமா?"

வண்டி வரும் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. மேடையில் ரோஜாத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.